பழைய காரில் பேக்ஃபயர்: எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசியில் தொடுவது

பேக்ஃபயர் (கார்புரேட்டரிலோ சைலன்சரிலோ டமாரென்று வெடிப்பது) அடிக்கும் பழைய காரின் பானெட்டைத் திறந்ததும் பெரும்பாலானவர்களின் கை நேராகக் கார்புரேட்டர் ஸ்க்ரூவுக்குத்தான் போகிறது. கடைசியில் தொட வேண்டிய இடம் அது. வால்வ் இடைவெளி தவறாக இருந்தால் டைமிங் (பிளக்கில் பொறி விழும் நேரம்) வைத்துப் பயனில்லை. பாயின்ட் (காயிலின் மின்சாரத்தைத் திறந்து மூடும் சின்ன ஸ்விட்ச்) இடைவெளி மாறினால் டைமிங்கும் கூடவே மாறும். டைமிங் தவறாக இருக்கும்போது கார்புரேட்டரைத் திருகினால் ஒரு தவறை இன்னொரு தவறால் மூடி வைத்ததாகிவிடும். கொஞ்ச நாளில் இரண்டும் சேர்ந்து கிளம்பும்.

ஆகவே கீழே சொல்லும் வரிசையை மாற்றாதீர்கள். கார்புரேட்டரும் பாயின்ட் வைத்த டிஸ்ட்ரிபியூட்டரும் (பொறிக்கான மின்சாரத்தைப் பிளக்குகளுக்குப் பகிரும் உறுப்பு) உள்ள பெட்ரோல் கார்களுக்காக எழுதியது இது. எலக்ட்ரானிக் இக்னிஷன் மாற்றிய கார் என்றால் பாயின்ட் பற்றிய பகுதியை மட்டும் தாண்டிச் செல்லலாம்.

1. வேலைக்கு முன் எடுத்து வைக்க வேண்டியவை

ஃபீலர் கேஜ், பிளக் ஸ்பேனர், டைமிங் லைட், மல்டிமீட்டர், கம்ப்ரஷன் கேஜ், வேக்யூம் கேஜ். டுவெல் மீட்டர் (பாயின்ட் மூடியிருக்கும் கோணத்தைக் காட்டுவது) இருந்தால் நல்லது. கூடவே உங்கள் காரின் ஒர்க்‌ஷாப் மேனுவல். நான் இங்கே தரும் எண்கள் பல கார்களுக்குப் பொதுவாகப் பொருந்துபவை. உங்கள் மேனுவல் வேறு சொன்னால் மேனுவல்தான் சரி.

பெட்ரோல் தீக்கு ஏற்ற தீயணைப்பான் கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும். கார்புரேட்டர் வழியாக வெடிக்கும்போது தீ நாக்கு வெளியே வரும். ஏர் ஃபில்டர் அந்த நாக்கைத் தடுத்து நிறுத்தும் தடுப்பும்கூட. எனவே அதைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட் செய்து உள்ளே எட்டிப் பார்க்கவே கூடாது. புதிதாக வருபவர்கள் தவறாமல் செய்வது இதைத்தான், புருவம் கருகுவதும் இதனால்தான்.

ஸ்டார்ட் செய்யும்போது கார்புரேட்டரில் தீப்பிடித்தால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு ஸ்டார்ட்டரைத் தொடர்ந்து சுற்றுங்கள். என்ஜின் தீயை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஓரிரு நொடியில் அணையவில்லை என்றால் சாவியை அணைத்துவிட்டு தீயணைப்பானை எடுங்கள்.

மூடிய ஷெட்டில் என்ஜினை ஓட விடாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

அப்புறம் ஒரு நோட்டும் பேனாவும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, எழுதிவைத்து, ஓட்டிப் பார்க்க வேண்டும். பிளக், பாயின்ட், கண்டென்சர் (பாயின்ட் கருகாமல் காக்கும் சின்ன உருளை), வயர் என்று எல்லாவற்றையும் ஒரே மாலையில் மாற்றினால் எது குற்றவாளி என்று கடைசி வரை தெரியாது. புதிதாகப் போட்டதில் ஒன்று கெட்டிருந்தால் இன்னும் சிக்கல்.

2. எங்கிருந்து வெடிக்கிறது, எப்போது வெடிக்கிறது

எதையும் கழற்றுவதற்கு முன் இதைக் கவனித்துவிட்டால் பாதித் தேடல் மிச்சம். வெடிப்பு இரண்டு வகை. முன்னால் கார்புரேட்டர் வழியாக வருவது ஒன்று, பின்னால் சைலன்சர் வழியாக வருவது இன்னொன்று. இரண்டையும் ஒரே பெயரில் அழைத்தாலும் காரணங்கள் வேறு.

கார்புரேட்டர் வழியாக வெடித்தால், இன்லெட் வால்வ் திறந்திருக்கும்போது சிலிண்டருக்குள் நெருப்பு இருக்கிறது என்று பொருள். கலவை லீனாக (பெட்ரோல் குறைந்து, காற்று கூடி) இருந்தால் மெதுவாக எரியும். எரிந்து முடிவதற்குள் இன்லெட் வால்வ் திறந்துவிட, உள்ளே வரும் புதிய கலவையும் பற்றிக்கொள்ளும். டைமிங் தவறு, பிளக் வயர் மாறிப்போனது, சரியாக மூடாத இன்லெட் வால்வ் ஆகியவையும் இதையே செய்யும்.

சைலன்சரில் வெடித்தால், எரியாத பெட்ரோல் அங்கே போய்ச் சேர்ந்து, சூட்டில் பற்றுகிறது என்று பொருள். தீப்பொறி விட்டுவிட்டு வருவது, கலவை ரிச்சாக (பெட்ரோல் கூடுதலாக) இருப்பது, டைமிங் பின்தங்கியிருப்பது, எக்ஸாஸ்ட் குழாயில் கசிவு ஆகியவை இங்கே சந்தேகப் பட்டியலில் வரும்.

இனி, எப்போது என்பது. ஆக்ஸிலரேட்டரைச் சட்டென மிதிக்கும்போது மட்டும் முன்னால் தும்மினால் அந்த நொடியில் பெட்ரோல் போதவில்லை. நெடுஞ்சாலை வேகத்தில் மட்டும் என்றால் பெட்ரோல் வரத்தைப் பாருங்கள். காலை எடுக்கும்போது பின்னால் பட்படவென்றால் எக்ஸாஸ்ட் கசிவையும் ஐடில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் என்ஜின் ஓடும் நிலை) கலவையையும் பாருங்கள். ஒரே தாளத்தில், ஒரே இடைவெளியில் வந்தால் ஒரு குறிப்பிட்ட சிலிண்டரில் கோளாறு. தாளமே இல்லாமல் எப்போதாவது ஒரு பெரிய டமார் என்றால் மின்சாரம் எங்கோ விட்டுவிட்டு வருகிறது.

குளிர்ந்த என்ஜின் சோக் இல்லாமல் லேசாகத் தும்முவது கோளாறு அல்ல. சூடானதும் நின்றால் அதைத் துரத்த வேண்டாம்.

3. சமீபத்தில் தொட்டது எது?

யாராவது சர்வீஸ் செய்த மறுநாளே பேக்ஃபயர் ஆரம்பித்திருந்தால், கை வைத்த இடத்தை முதலில் பாருங்கள். பெரும்பாலும் பிளக் வயர் மாறியிருக்கும்.

ஃபயரிங் ஆர்டரை (சிலிண்டர்கள் வெடிக்கும் வரிசையை) மேனுவலில் பாருங்கள். நான்கு சிலிண்டர் என்ஜின்களில் 1-3-4-2 பரவலானது, ஆனால் எல்லாவற்றுக்கும் அதுவே என்று எண்ண வேண்டாம். ஃபோர்டு கென்ட் என்ஜினுக்கு 1-2-4-3, வோக்ஸ்வாகன் பீட்டிலுக்கு 1-4-3-2. ரோட்டர் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுற்றும் முனை) எந்தத் திசையில் சுற்றுகிறது என்பதும் காருக்குக் கார் மாறும். டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பைக் கழற்றி, ஸ்டார்ட்டரைக் கொஞ்சம் தட்டி, திசையைக் கண்ணால் பார்த்துவிட்டு வயர்களை எண்ணுங்கள்.

வயர் சரியான இடத்தில் இருந்தாலும் அது போகும் பாதையைப் பாருங்கள். ஷெவர்லே ஸ்மால் பிளாக் வி8 என்ஜினின் ஆர்டர் 1-8-4-3-6-5-7-2. இதில் 5-உம் 7-உம் அடுத்தடுத்து வெடிப்பவை, பக்கத்துப் பக்கத்திலும் இருப்பவை. இரண்டு வயரும் நீளமாக ஒட்டி ஓடினால் 5-இன் மின்துடிப்பு 7-இல் தூண்டப்பட்டு, கம்ப்ரஷன் முடியும் முன்பே அங்கே பொறி விழும். வயர்களைப் பிரித்து வைத்தாலே சரியாகிவிடும்.

4. வால்வும் கம்ப்ரஷனும்

இந்தப் படியைத் தாண்டிப் போகத்தான் எல்லோருக்கும் ஆசை. ஆனால் வால்வ் மூடாத சிலிண்டரை எந்த டைமிங்கும் எந்தக் கார்புரேட்டரும் சரிசெய்யாது.

முதலில் டேப்பெட் இடைவெளி, அதாவது வால்வ் இடைவெளி. என்ஜின் குளிர்ந்திருக்கும்போதா, சூடாக இருக்கும்போதா என்பதை மேனுவலில் பார்த்துக்கொண்டு அளவிடுங்கள். ஒரே வரிசையில் எட்டு வால்வ் உள்ள, 1-3-4-2 வரிசையில் வெடிக்கும் பல நான்கு சிலிண்டர் என்ஜின்களில் ஒரு எளிய கணக்கு உண்டு: முழுதாகத் திறந்திருக்கும் வால்வின் எண்ணை 9-இலிருந்து கழித்தால், அப்போது அளவிட வேண்டிய வால்வின் எண் கிடைக்கும். முதல் வால்வ் திறந்திருந்தால் எட்டாவதை அளவிடுங்கள், மூன்றாவது என்றால் ஆறாவதை.

சத்தம் போடும் டேப்பெட்டை இறுக்கி அமைதியாக்குவது இங்கே நடக்கும் பெரிய தவறு. இடைவெளி அதிகமானால் சத்தம்தான். இடைவெளி இல்லாமல் போனால் சூட்டில் நீளும் வால்வ் சரியாக மூடாது. இன்லெட் என்றால் கார்புரேட்டரில் வெடிக்கும், எக்ஸாஸ்ட் என்றால் வால்வே எரிந்துபோகும்.

அடுத்து கம்ப்ரஷன். என்ஜினைச் சூடாக்கி, எல்லாப் பிளக்கையும் கழற்றி, காயிலின் சின்ன வயரைத் துண்டித்து, ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்தபடி ஒவ்வொரு சிலிண்டரையும் ஒரே எண்ணிக்கையில் சுற்றுங்கள். மிதிக்காவிட்டால் உள்ளே காற்று போகாது, எல்லாமே குறைவாகக் காட்டும். எண்ணைவிடச் சிலிண்டர்களுக்கு இடையிலான வித்தியாசம்தான் முக்கியம். ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் அதில் ஒரு டீஸ்பூன் என்ஜின் ஆயில் விட்டு மறுபடி சுற்றுங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வ். பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டரும் சேர்ந்தே தாழ்ந்திருந்தால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகப்படுங்கள்.

கம்ப்ரஷன் நன்றாக இருந்தும் ஒரே சிலிண்டர் தாளத்தோடு கார்புரேட்டரில் வெடிக்கிறதா? வால்வ் கவரைக் கழற்றி, எக்ஸாஸ்ட் ராக்கர்கள் (வால்வை அழுத்தும் கைகள்) எல்லாம் ஒரே அளவு அசைகின்றனவா என்று ஒப்பிடுங்கள். எக்ஸாஸ்ட் கேம் (வால்வைத் திறக்கும் மேடு) தேய்ந்திருந்தால் எரிந்த புகை வெளியேற வழியில்லாமல் சிலிண்டரிலேயே தங்கி, இன்லெட் திறக்கும்போது கார்புரேட்டர் வழியாகப் பாயும். இதைக் கார்புரேட்டர் கோளாறு என்று எண்ணி மாதக்கணக்கில் அலைபவர்களைப் பார்த்திருக்கிறேன். பல பழைய என்ஜின்களின் கேம், துத்தநாகமும் பாஸ்பரஸும் கலந்த ஆயிலை நம்பி வடிவமைக்கப்பட்டது. இன்றைய கார்களுக்கான பல ஆயில்களில் அவற்றின் அளவு குறைவு. ஆயில் வாங்கும்போது இதைப் பாருங்கள்.

5. தீப்பொறி

என் அனுபவத்தில் அதிகம் அகப்படுவது இந்தப் பகுதியில்தான். நிதானமாகப் பாருங்கள்.

பிளக்குகளைக் கழற்றி, சிலிண்டர் வரிசைப்படி அடுக்குங்கள். எல்லாம் காபிப் பொடி நிறமாக இருந்தால் நல்லது. எல்லாமே கரி பிடித்திருந்தால் ரிச், எல்லாமே வெளிறியிருந்தால் லீன். ஒன்று மட்டும் ஈரமாகவோ கறுப்பாகவோ இருந்தால் அந்தச் சிலிண்டரின் வயர், கேப் முனை, பிளக் ஆகியவற்றைத் தனியாகப் பாருங்கள்.

டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பை நல்ல வெளிச்சத்தில் உள்ளும் புறமும் பாருங்கள். முடிபோல மெல்லிய கறுப்புக் கோடு ஒரு முனையிலிருந்து இன்னொன்றுக்கு ஓடினால் அது கரித்தடம். மின்சாரம் அதன் வழியாகத் தவறான சிலிண்டருக்குத் தாவும். துடைத்தால் போகாது, கேப்பை மாற்ற வேண்டும். நடுவில் உள்ள கார்பன் முனை ஸ்ப்ரிங்கோடு துள்ளுகிறதா என்றும் அழுத்திப் பாருங்கள்.

இருட்டில் என்ஜினை ஓட விட்டு பிளக் வயர்களைப் பாருங்கள். நீலப் பொறி எங்காவது ஓடினால் அங்கே கசிவு. கையால் தொட்டுத் தேட வேண்டாம்.

பாயின்ட் இடைவெளி பல கார்களில் 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். முகம் கருகி நீலம் பாய்ந்திருந்தால் கண்டென்சரைச் சந்தேகப்படுங்கள். சின்ன மேடு பள்ளம் சாதாரணம்தான், ஆனால் மேட்டின் மேல் ஃபீலர் கேஜ் வைத்தால் அளவு தவறாக வரும். அதனால்தான் டுவெல் மீட்டர் நம்பகமானது. என்ஜினை ரேஸ் செய்யும்போது டுவெல் சில டிகிரிக்கு மேல் ஆடினால் டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்ட் அல்லது புஷ் தேய்ந்திருக்கிறது. அந்த நிலையில் நீங்கள் வைக்கும் எந்த அளவும் நிற்காது.

பலர் பார்க்காத ஒன்று: டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயின்ட் தட்டுக்குப் போகும் சின்ன எர்த் வயரும், பாயின்ட்டுக்கு வரும் மெல்லிய வயரும். வேக்யூம் அட்வான்ஸ் (என்ஜினின் உறிஞ்சலால் டைமிங்கை முன்னேற்றும் அமைப்பு) அசையும்போதெல்லாம் இவையும் வளைகின்றன. வெளியே உறை நன்றாக இருக்க, உள்ளே கம்பி அறுந்திருக்கும். மிதிக்கும்போது மட்டும் விட்டுவிட்டு வெடிக்கும் கார்களில் இதை முதலில் இழுத்துப் பாருங்கள். ரப்பர் மாதிரி நீண்டால் கம்பி அறுந்துவிட்டது.

அதே கணக்குதான் தேய்ந்த சாவி ஸ்விட்சுக்கும். ஓடும்போது ஒரு நொடி மின்சாரம் போனால் அந்த நேரத்தில் எரியாத கலவை சைலன்சரில் சேர்ந்துவிடும். மின்சாரம் திரும்பியதும் ஒரே வெடி. சைலன்சர் மடிப்பு பிரிந்துபோகும் அளவுக்கு அது பலமானது, எனவே வேடிக்கைக்காகச் சாவியை அணைத்துப் போடாதீர்கள்.

கோளாறு தீப்பொறியிலா பெட்ரோலிலா என்று குழப்பமா? டைமிங் லைட்டைக் காயிலிலிருந்து கேப்புக்கு வரும் தடித்த வயரில் மாட்டி, வெடிக்கும் வேகத்தில் ரேஸ் செய்து ஒளியைக் கவனியுங்கள். வெடிக்கும்போது ஒளியும் தடுமாறினால் காயில், பாயின்ட், சாவி, எர்த் பக்கம். ஒளி சீராக இருந்தால் லைட்டை ஒவ்வொரு பிளக் வயராக மாற்றிப் பாருங்கள். எல்லாமே சீராக இருந்தால் இந்தப் பகுதியை விட்டு நகரலாம்.

புதிய பாகம் என்பதற்காக அதை நம்பிவிடக் கூடாது. மலிவான ரோட்டர்களில் நடுவிலுள்ள ரிவெட் வழியாக மின்சாரம் ஷாஃப்டுக்கு இறங்கிவிடுவது உண்டு. கண்டென்சரிலும் சூடானதும் செத்துப்போகும் ரகங்கள் உண்டு. கழற்றிய பழையதை உடனே எறியாதீர்கள். புதியது தன்னை நிரூபிக்கும் வரை டிக்கியில் இருக்கட்டும்.

6. டைமிங்

பாயின்ட் இடைவெளியை முடித்த பிறகுதான் டைமிங். இடைவெளி கூடினால் பாயின்ட் சீக்கிரம் திறந்து டைமிங் முன்னேறும், குறைந்தால் பின்தங்கும். டைமிங் வைத்துவிட்டுப் பாயின்ட்டைத் தொட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

டிஸ்ட்ரிபியூட்டரைத் தளர்த்தும் முன் அதன் அடிப்பாகத்திலும் என்ஜினிலும் சேர்த்து ஒரு கோடு கீறிக்கொள்ளுங்கள். திரும்பிப் போக ஒரு இடம் வேண்டும்.

டைமிங் லைட் மாட்டி, மேனுவல் சொன்னால் வேக்யூம் குழாயைக் கழற்றி அதன் வாயை அடைத்து, சொன்ன ஐடில் வேகத்தில் பாருங்கள். வேக்யூம் அட்வான்ஸ் சேர்ந்திருக்கும்போது வைத்த டைமிங், உண்மையில் பின்தங்கியதாக முடியும். பிறகு மெல்ல ரேஸ் செய்யுங்கள். குறி சீராக முன்னேற வேண்டும். நகராமல் நின்றால் உள்ளே வேகத்துக்கேற்ப டைமிங்கை முன்னேற்றும் எடைகள் துருப்பிடித்து ஒட்டியிருக்கின்றன. தாவித் தாவிப் போனால் ஸ்ப்ரிங் அறுந்திருக்கலாம். ஐடிலில் டைமிங் சரி, ஓட்டினால் சைலன்சர் வெடிக்கிறது என்ற புகாரில் பாதி இங்கே தீரும். வேக்யூம் குழாயை வாயால் உறிஞ்சினால் தட்டு அசைந்து, நாக்கால் அடைத்தால் அப்படியே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் உள்ளே ஜவ்வு கிழிந்திருக்கிறது.

என்ஜின் ஸ்டார்ட்டே ஆகாமல் முன்னும் பின்னும் வெடித்தால் டிஸ்ட்ரிபியூட்டர் 180 டிகிரி மாறிப் பொருந்தியிருக்கலாம். புல்லியின் குறி ஒவ்வொரு சிலிண்டர் சுழற்சிக்கும் இரண்டு முறை நேர்படும். அதில் ஒன்றுதான் கம்ப்ரஷன். முதல் பிளக் துளையில் விரல் வைத்து, காற்று விரலைத் தள்ளும்போது வரும் குறியை எடுத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு திருப்பினாலும் குறி சரியாக வரவில்லை என்றால் டைமிங் செயின் அல்லது பெல்ட் பல் தாண்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

7. காற்றுக் கசிவு, இரண்டு பக்கமும்

இன்லெட் பக்கம் கசிந்தால் கணக்கில் வராத காற்று உள்ளே போய்க் கலவை லீனாகும், முன்னால் தும்மும். வேக்யூம் கேஜை மேனிஃபோல்டில் மாட்டுங்கள். நல்ல என்ஜின் ஐடிலில் கடல்மட்டத்தில் ஏறத்தாழ 17 முதல் 21 அங்குலப் பாதரசம் காட்டி, முள் ஆடாமல் நிற்கும். தாழ்ந்து, ஆனால் ஆடாமல் நின்றால் கசிவு அல்லது பின்தங்கிய டைமிங். தாளத்தோடு சொடுக்கினால் வால்வ்.

கசிவைத் தேட, ரப்பர் குழாய்களை ஒவ்வொன்றாக இடுக்கியால் நசுக்குங்கள். நசுக்கியதும் ஐடில் மாறினால் அந்தக் குழாயோ அது போகும் உறுப்போதான். பிரேக் பூஸ்டர் குழாயையும் மறக்க வேண்டாம், ஆனால் அதை நசுக்கிய நிலையில் ஓட்டக் கூடாது. மேனிஃபோல்டு கேஸ்கட், கார்புரேட்டர் அடிக் கேஸ்கட், த்ராட்டில் கம்பியின் ஓரம் ஆகியவற்றில் சோப்புத் தண்ணீரைப் பீய்ச்சினால் உறிஞ்சும் இடம் தெரியும். சூடான என்ஜின் மீது பெட்ரோலோ கார்புரேட்டர் கிளீனரோ பீய்ச்சித் தேடுவது பலரும் சொல்லும் வழி. ஏற்கனவே வெடிக்கிற என்ஜினில் அதைச் செய்ய வேண்டாம்.

எக்ஸாஸ்ட் பக்கம் கசிந்தால் காலை எடுக்கும்போது குழாய்க்குள் வெளிக்காற்று இழுபடும். எரியாத பெட்ரோலுக்கு அந்த ஆக்சிஜன் கிடைத்ததும் வெடிக்கும். குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்து, தடித்த துணியால் சைலன்சர் வாயை ஒரு நொடி அடைத்தால் கசியும் மூட்டு சீறும். கசிவை அடைத்த பிறகே கலவையைப் பற்றி முடிவு செய்யுங்கள். ஏர் பம்ப் பொருத்திய 1960-களின் பிற்பகுதி, 1970-களின் கார்களில், காலை எடுக்கும்போது அந்தக் காற்றைத் திருப்பிவிடும் வால்வ் ஒட்டிக்கொண்டாலும் இதே வெடிதான்.

8. பெட்ரோல் வரத்து

பல மாதம் நின்ற கார் என்றால் பழைய பெட்ரோலை இறக்கிவிட்டுத்தான் மற்றது. ஃபில்டரை மாற்றுங்கள். கொஞ்ச தூரம் ஓடிய பிறகு மட்டும் தும்மினால், நிறுத்தி டேங்க் மூடியைத் திறங்கள். புஸ்ஸென்று காற்று உள்ளே போனால் மூடியின் துளை அடைந்திருக்கிறது.

எத்தனால் கலந்த பெட்ரோலையும் கணக்கில் எடுங்கள். தூய பெட்ரோல் முழுதாக எரிய எடையில் 14.7 மடங்கு காற்று வேண்டும். 10 சதவீத எத்தனால் கலந்தால் அது 14.1 அளவுக்கு இறங்கும். அதே ஜெட்டில் (பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் துளை) ஓடும் பழைய கார் கொஞ்சம் லீனாகும். ஏற்கனவே விளிம்பில் இருந்த கார் தும்ம இது போதும். பழைய ரப்பர் குழாய்களையும் எத்தனால் அரிக்கும், ஆகவே குழாய்களை மாற்றிவிடுங்கள்.

9. கார்புரேட்டர்

சரி, இப்போது தொடலாம். என்ஜின் நின்றிருக்க, ஏர் ஃபில்டரைக் கழற்றி, மேலே இருந்து பார்த்தபடி த்ராட்டிலைத் திறங்கள். ஆக்ஸிலரேட்டர் பம்ப் உள்ள கார்புரேட்டரில் உடனே பெட்ரோல் பீய்ச்ச வேண்டும். தாமதித்தாலோ சொட்டினாலோ சட்டென மிதிக்கும்போது வரும் தும்மலுக்குக் காரணம் அதுதான்.

எஸ்.யு. என்ற வகைக் கார்புரேட்டரில் பம்ப் கிடையாது. மேலே உள்ள டேஷ்பாட் ஆயில்தான் கார்புரேட்டருக்குள் உள்ள பிஸ்டன் சட்டென எழும்புவதைத் தடுத்து, மிதிக்கும் நொடியில் கலவையை ரிச்சாக்குகிறது. ஆயில் காலியானால் தும்மும். மூடியைக் கழற்றி ஊற்றினாலே போதும். கலவையைச் சோதிக்க, சூடான என்ஜின் ஐடிலில் ஓடும்போது பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்குங்கள். வேகம் கூடி அப்படியே நின்றால் ரிச், உடனே தடுமாறினால் லீன், ஒரு கணம் கூடித் திரும்பினால் சரி.

மற்ற கார்புரேட்டர்களில் ஃப்ளோட் அளவும் அடைபட்ட ஜெட்டும்தான் வழக்கமான காரணங்கள். ஜெட்டைக் கம்பியால் குத்தாதீர்கள், துளை பெரிதாகிவிடும். கிளீனரும் காற்றும் போதும்.

10. வெடிப்பு நின்ற பிறகு

வெடித்தபோது எதை உடைத்தது என்று பார்ப்பது மிச்சம். சைலன்சர் மடிப்புகளையும் ஏர் ஃபில்டர் கருகியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். பழைய ஹோலி கார்புரேட்டர்களில் முன்பக்க வெடிப்பு பவர் வால்வின் (கூடுதல் பெட்ரோல் விடும் வால்வ்) ஜவ்வைக் கிழித்துவிடும். முதலில் லீனாக இருந்து வெடித்த கார் அதன் பிறகு ரிச்சாக ஓடி, பின்னால் வெடிக்கத் தொடங்குவது இப்படித்தான்.

பிறகு சூடான என்ஜினோடு, முதலில் வெடித்த அதே சூழலில் ஓட்டிப் பாருங்கள்: அதே ஏற்றம், அதே வேகம், அதே கியர். திரும்பி வந்து பிளக்குகளை மறுபடி கழற்றி நிறத்தைப் பாருங்கள். புதிய பாயின்ட் போட்டிருந்தால் அதன் குதி (டிஸ்ட்ரிபியூட்டர் கேம் மீது உரசும் பகுதி) முதலில் வேகமாகத் தேயும், இடைவெளி குறையும், டைமிங் பின்தங்கும். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் இடைவெளியை ஒருமுறை சரிபார்த்து, அதன் பிறகு டைமிங்கையும் பாருங்கள்.